கிரீனிச் நதிக்கரை

லண்டன் மாநகரைக் காணச் செல்வோர் பலர் அரண்மனையையும் பாராளுமன்றத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தேம்ஸ் நதியோடு கிழக்கே சிறிது தொலைவு சென்றால் தென்கரையில் கிரீனிச் என்னும் ஊர் இருக்கிறது. நேரத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயரை நாம் கேட்டிருக்கிறோம். ஒரு நதிக்கரை ஊரின் பெயர் உலகத்தின் நேரத்தோடு எவ்வாறு இணைந்தது? அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தபோது எனக்கு விளங்கியதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கிரீனிச்சுக்கு ரயிலிலும் செல்லலாம். ஆயினும் படகில் செல்வதே சிறப்பு. அந்த ஊர் நதியை நோக்கியே அமைந்திருக்கிறது. படகுத் துறையில் இறங்கியதும் 'கட்டி சார்க்' என்னும் பாய்மரக் கப்பலைக் காண்கிறோம். சீனத்துத் தேயிலையை விரைவில் கொண்டுவருவதற்கென்றே கட்டப்பட்ட இக்கப்பல், 1869 நவம்பரில் நீரில் இறக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. நீராவிக் கப்பல்கள் கால்வாயின் குறுக்கு வழியே சென்றன. காற்றை நம்பிய கப்பல்களோ ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. தேயிலை வியாபாரம் கைநழுவிப் போகவே, கட்டி சார்க் பின்னாளில் ஆஸ்திரேலியக் கம்பளியைச் சுமந்து வேகத்திற்குப் பெயர் பெற்றது. 2007இல் தீயினால் சேதமுற்ற அதனைச் செப்பனிட்டு 2012இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்தனர்.

கப்பலுக்குக் கிழக்கே, தூண்களும் கோபுரங்களுமாகப் பெரிய மாளிகைகள் நதியைப் பார்த்து நிற்கின்றன. அரசருடைய அரண்மனையோ என்று எண்ணத் தோன்றும். உண்மையில், முதுமையும் ஊனமும் உற்ற கடற்படை மாலுமிகளைப் பேணுவதற்காக 1694இல் ஏற்பட்ட அறநிலையம் அது. கிறிஸ்டபர் ரென் என்னும் சிற்பி அதற்குத் திட்டம் வகுத்தார். பின்னாலுள்ள அரசியின் இல்லத்திலிருந்து நதி தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டடத்தை இரு கூறாகப் பிரித்து நடுவே வெளி விட்டார். அங்குள்ள உணவு மண்டபத்தின் சுவரிலும் விதானத்திலும் ஓவியம் தீட்டி முடிக்க ஜேம்ஸ் தார்ன்ஹில் 19 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்.

முதுமை வரை வாழ்ந்து இந்த விடுதிக்கு வந்து சேர்ந்த மாலுமிகள் பாக்கியசாலிகள். வழி தெரியாமல் கடலில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். 1707இல் நாடு திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலக் கடற்படை, தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதிற்று. நான்கு கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர்.

வடக்கு தெற்காக எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதைச் சூரியனின் உயரத்தைக் கொண்டு மாலுமிகள் அறிந்தார்கள். கிழக்கு மேற்காக அறிவதுதான் பெரும்பாடு. அதற்கு நேரம் தெரிய வேண்டும். நம் நாழிகைக் கணக்கில் இதை எளிதாக விளக்கலாம். பூமி ஒரு சுற்றுச் சுற்ற 60 நாழிகை. ஒரு சுற்று 360 பாகை. ஆகவே ஒரு நாழிகைக்கு 6 பாகை. கப்பலில் உச்சிவேளை ஆகும்போது புறப்பட்ட துறைமுகத்தில் ஐந்து நாழிகை கூடுதலாகக் கழிந்திருந்தால், நாம் மேற்கே 30 பாகை வந்திருக்கிறோம் என்று பொருள். ஆனால் கடிகாரம் ஒரு நிமிஷம் பிசகினாலும் நிலநடுக்கோட்டருகில் சுமார் 28 கிலோமீட்டர் பிசகும். ஆடும் கப்பலில் பிசகாத கடிகாரம் அந்நாளில் இல்லை.

இதற்கு விண்மீன்களின் துணையால் வழி காண்பதற்காகவே 1675இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் கிரீனிச் குன்றின் மேல் வானாராய்ச்சி நிலையத்தை அமைத்தார். 1714இல் பாராளுமன்றம் 20,000 பவுன் வரை பரிசு அறிவித்தது. விடை தந்தவர் வான நூற் புலவர் அல்லர். ஜான் ஹாரிசன் என்னும் தச்சர். அவர் செய்த நான்காவது கடிகாரம் 1761இல் ஜமெய்க்காவுக்குக் கப்பலேறியது. 81 நாட்களில் ஏறத்தாழ ஐந்து விநாடிகளே பின்தங்கியது. இருந்தும் பணம் முழுவதும் எளிதில் கிட்டவில்லை. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆதரவளித்த பின்னரே, 1773இல், தம் 80ஆம் வயதில், அவர் இறுதித் தொகையைப் பெற்றார்.

குன்றின் மேல் அந்தக் கடிகாரங்களின் முன் நான் நெடுநேரம் நின்றேன். முதல் மூன்றும் பெரிய இயந்திரங்கள், இன்றும் ஓடுகின்றன. உலகத்தின் கடல் வழியையே மாற்றிய நான்காவதோ உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருக்கிறது. தேய்ந்துவிடாமல் காப்பதற்காக அதை ஓட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

கடிகாரம் இருந்தால் போதுமா? சரியான நேரத்தை யாராவது சொல்ல வேண்டுமே! அதற்காக 1833இல் நிலையத்தின் கூரைமேல் ஒரு பந்தை அமைத்தனர். பிற்பகல் ஒரு மணிக்குச் சற்று முன் அது கம்பத்தில் ஏறும். மணி ஒன்றானதும் கீழே இறங்கும். தேம்ஸில் நங்கூரமிட்டிருந்த மாலுமிகள் அதை நோக்கித் தங்கள் கடிகாரங்களைத் திருத்திக்கொண்டு கடலுக்குச் சென்றனர். இவ்வாறு கிரீனிச் நேரம் கப்பலேறி உலகெங்கும் பரவிற்று. 1884இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி, கிரீனிச் வழியாகச் செல்லும் தீர்க்க ரேகையையே முதல் ரேகையாகக் கொள்ளத் தீர்மானித்தபோது, பெரும்பாலான கப்பல்கள் ஏற்கெனவே அந்தக் கணக்கையே பின்பற்றி வந்தன.

நமக்கும் இதில் உறவு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாராய்ச்சி நிலையமும் மாலுமிகளுக்கு உதவுவதை ஒரு நோக்கமாகக் கொண்டதே. இந்திய நேரம் இன்று கிரீனிச்சை விட ஐந்தரை மணி முன்னே செல்கிறது. நம் நேரத்துக்கு அடிப்படையான ரேகை அங்கிருந்து எண்பத்திரண்டரைப் பாகை கிழக்கே இருப்பதே காரணம்.

பந்தை எதிர்நோக்கி இப்போது எந்தக் கப்பலும் காத்திருப்பதில்லை. 1924 முதல் கிரீனிச்சின் நேரத்தை லண்டன் வானொலி ஆறு ஒலிகளாக அறிவித்தது. கண்ணால் கண்டறிந்த நேரம் காதால் கேட்கும் நேரமாயிற்று. இனி வானொலியில் மணி சொல்லும்போது, கரை தெரியாமல் கடலில் தவித்த மாலுமிகளையும் அந்தத் தச்சரையும் நேயர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.