சும்மா கிடந்த குறிகளுக்குக் கிடைத்த வேலை

மின்னஞ்சல் முகவரியைப் போனில் சொல்லும்போது நம் ஊரில் பெரும்பாலோர் @ குறியை ‘அட் த ரேட்’ என்றுதான் சொல்கிறோம். அமெரிக்கர் ஒருவரிடம் அப்படிச் சொன்னால் கொஞ்சம் விழிப்பார். அவர்களுக்கு அது வெறும் ‘அட்’. அதற்காக நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. ‘12 நோட்டு @ 10 ரூபாய்’ என்று பில் போட்ட கடைக் கணக்கிலிருந்து வந்த பெயர் அது. மின்னஞ்சலுக்கு முன்பு அந்தக் குறி பார்த்த வேலையே வணிகக் கணக்குதான்.

அந்த வேலை பல நூற்றாண்டுப் பழமை கொண்டது. 1536 மே 4 அன்று பிரான்செஸ்கோ லாப்பி என்ற இத்தாலிய வணிகர், ஸ்பெயினின் செவில் நகரிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் குறி இருக்கிறது. ஒரு ‘ஆம்போரா’ ஒயின் என்ன விலை என்று எழுதும் இடத்தில், அந்த ஜாடி அளவுக்குச் சுருக்கமாக வாலைச் சுழற்றிய ஓர் ‘ஏ’ போட்டிருக்கிறார். ஸ்பெயினிலோ அதே குறி ‘அரோபா’ என்னும் எடைக்கு உரியது. சுமார் பதினொன்றரை கிலோ. ‘கால் பங்கு’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இன்றும் அவர்களுக்கு @ என்றால் அரோபாதான்.

கணக்குப் புத்தகத்திலிருந்து தட்டச்சுப் பலகைக்கு வந்த பிறகு, கணக்கர்களைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. 1971இல் ரே டாம்லின்சனுக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பிபிஎன் நிறுவனத்தில் பொறியாளர் அவர். ஒரே கணினியைப் பயன்படுத்துபவர்கள் தங்களுக்குள் செய்தி விட்டுக்கொள்ளும் வசதி அப்போதே இருந்தது. அதை வலையமைப்பில் உள்ள வேறொரு கணினிக்கும் நீட்டிக்கப் பார்த்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். எழுத்தும் எண்ணும் சரிவராது, பெயரோடு ஒட்டிக்கொள்ளும். யார் பெயரிலும் வராத குறியாக இருக்க வேண்டும். எதிரே இருந்த டெலிடைப் பலகையில் @ சும்மா கிடந்தது. ‘இன்னார், இன்ன இடத்தில்’ என்ற பொருளும் ஆங்கிலத்தில் தானாகவே அமைந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு இயந்திரங்களுக்கு இடையே முதல் மடல் போனது. அதில் என்ன எழுதினார் என்பது பின்னாளில் அவருக்கே நினைவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் @ அப்போது சும்மா கிடக்கவில்லை. மல்ட்டிக்ஸ் என்ற கணினி அமைப்பில் @ தட்டினால், அதுவரை அடித்த வரி முழுவதும் அழிந்துவிடும். அங்கிருந்து மடல் அனுப்ப நினைத்தவர்களின் பாட்டை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மின்னஞ்சல் பரவியபோது, பெயரே இல்லாத இந்தப் புதுவரவைப் பல நாட்டினரும் உருவத்தை வைத்துக் கூப்பிட்டார்கள். இத்தாலியில் நத்தை, நெதர்லாந்தில் குரங்கு வால், டென்மார்க்கில் தும்பிக்கை வைத்த ‘ஏ’, ஹங்கேரியில் புழு, கிரேக்கத்தில் வாத்துக்குஞ்சு. ரஷ்யர்களுக்கு அது நாய். காரணம் எனக்குப் புரியவில்லை, எப்படித் திருப்பிப் பார்த்தாலும் நாய் தெரியவில்லை. செக் நாட்டில் அது ஊறவைத்துச் சுருட்டிய மீன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

@ போன்ற குறிகளெல்லாம் கணினி விசைப்பலகைக்கு வந்து சேர்ந்ததே ஒரு இடநெருக்கடியின் கதை. 1963இல் அமெரிக்காவில் வெளியான, கணினி எழுத்துகளுக்கான ஆஸ்கி தரம், ஒவ்வோர் எழுத்துக்கும் 7 பிட் என்று முடிவு செய்தது. அப்படியென்றால் மொத்தம் 128 இடம். அதில் 33 இடங்கள் இயந்திரத்துக்கான கட்டளைகளுக்குப் போயின. மிச்சம் 95. சிறிய எழுத்துகளும் சேர்ந்த பிறகு ஆங்கில எழுத்துகளுக்கு 52, எண்களுக்கு 10, இடைவெளிக்கு ஒன்று. கழித்துப் பார்த்தால் குறிகளுக்குக் கிடைத்தது 32 இடம்தான். விசேஷ நாள் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, சில குறிகளுக்குப் பின்னால் ஒருவர் நின்று வாதாடியிருக்கிறார்.

பின்சாய்வுக் கோடான \ குறிக்காக வாதாடியவர் பாப் பெமர். 1961இல் அவர் முன்வைத்த யோசனை இது: ஏற்கெனவே இருக்கும் / குறியோடு இதைச் சேர்த்தால் /\ என்றும் \/ என்றும் எழுதலாம், அல்கால் நிரல்மொழியில் ‘மேலும்’, ‘அல்லது’ என்பவற்றுக்கான தர்க்கக் குறிகள் கிடைத்துவிடும். இடம் கிடைத்தது, ஆனால் நினைத்த வேலை நிலைக்கவில்லை. அல்கால் வழக்கொழிந்தது. 1983இல் மைக்ரோசாஃப்ட், டாஸ் இயங்குதளத்தில் கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது அவற்றைப் பிரிக்க ஒரு குறி தேவைப்பட்டது. யூனிக்ஸ் இயங்குதளம் பயன்படுத்திய / குறியை எடுக்க முடியவில்லை. டாஸில் அது கட்டளைகளோடு சேர்க்கும் விருப்பங்களுக்குப் போய்விட்டிருந்தது. கண்ணாடியில் பார்த்ததுபோல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்த குறிக்கு அழைப்பு வந்தது. இன்றுவரை விண்டோஸ் கணினியில் கோப்பு இருக்கும் பாதையை அதுதான் காட்டுகிறது. ஜப்பானில் இதிலும் ஒரு வேடிக்கை. அவர்களுடைய எழுத்துப் பட்டியலில் \ இருக்க வேண்டிய இடத்தில் யென் குறி உட்கார்ந்துகொண்டதால், அங்கே பல கணினிகளில் கோப்புப் பாதை நெடுக ¥ ¥ என்று பணமாகவே தெரியும்.

(வலைத்தள முகவரியில் வருவது / தான். அதைப் ‘பேக்ஸ்லாஷ்’ என்று சொல்லும் பழக்கத்தை இனியாவது விட்டுவிடலாம். முகவரியின் தொடக்கத்தில் http:-க்குப் பின் வரும் இரண்டு கோடுகள் தேவையே இல்லை என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயே 2009இல் ஒப்புக்கொண்டுவிட்டார்.)

எண் 1 விசைக்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ` குறியும், அதோடு இருக்கும் ~ குறியும், 6க்கு மேல் உள்ள ^ குறியும் வேறு ஒரு வேலைக்காக வந்தவை. பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற மொழிகளில் எழுத்தின் தலையில் சிறு கோடு வரும். காகிதத்தில் அச்சடிக்கும் இயந்திரத்தில் எழுத்தை அடித்து, ஓர் இடம் பின்னால் வந்து, அதன் மேலேயே இந்தக் குறியை அடித்தால் இரண்டும் சேர்ந்து தெரியும். காகிதம் போய்த் திரை வந்ததும் அந்த வித்தை பலிக்கவில்லை. திரையில் ஒன்றின் மேல் இன்னொன்றை அடித்தால் முந்தையது அழிந்துவிடும். மூன்று குறிகளும் வேலை இழந்தன. நிரலாளர்கள் விடவில்லை, ஆளுக்கொரு வேலை கொடுத்தார்கள். யூனிக்ஸில் ~ என்றால் பயனரின் சொந்தக் கோப்புறை, அதாவது ‘ஹோம்’. 1970களில் பிரபலமாக இருந்த ADM-3A என்ற திரைக்கருவியில் ~ குறியும் ‘ஹோம்’ என்ற சொல்லும் ஒரே விசையில் அச்சாகியிருந்ததுதான் காரணம்.

# குறி பவுண்டு எடைக்கான எழுத்துச் சுருக்கத்தை அவசரமாக எழுதி எழுதித் தேய்ந்து வந்த வடிவம். 1963இல் வந்த பொத்தான் தொலைபேசியில் எண்கள் மட்டுமே இருந்தன. 1968இல் வந்த 12 பொத்தான் கருவியில்தான் * குறியும் # குறியும் சேர்ந்தன. பெல் ஆய்வகத்தில் இதற்கு ‘ஆக்டோதார்ப்’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஆக்டோ’ எட்டு முனைகள். ‘தார்ப்’ எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. பொத்தான் ரொம்ப நாள் வெறுமனேதான் இருந்தது. 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா, ட்விட்டரில் ஒரே விஷயத்தைப் பேசுபவர்களைத் தொகுக்க # போடலாமா என்று கேட்டார். சாதாரண செல்போனிலும் எளிதாக அடிக்கக் கிடைக்கும் குறி என்பது அதன் பலம். அதே ஆண்டு அக்டோபரில் சான் டியேகோ காட்டுத்தீ பற்றிய செய்திகள் அந்த அடையாளத்தோடு பரவின.

நம் கணக்கர்களிடமும் குறிகளுக்குப் பஞ்சமில்லை. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹. பழைய பத்திரங்களிலும் பேரேடுகளிலும் இவை சர்வசாதாரணம். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான கணினி எழுத்துப் பட்டியலான யூனிகோடில் இவற்றுக்கு இடம் கிடைத்தது 2003இல். காணி, முந்திரி போன்ற பின்னங்களும் மற்ற பழைய குறிகளுமாக இன்னும் 51 குறிகள் 2019இல்தான் உள்ளே வந்தன. ஒப்பிட்டால், உதயகுமார் வடிவமைத்த ₹ குறியின் வேகம் அசாத்தியம். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, அக்டோபரில் யூனிகோடில் இடம் கிடைத்துவிட்டது. அரசு பின்னால் நின்றால் துண்டு போட வேண்டியதில்லை போலும்.

பழைய குறிகளுக்கு விசை இல்லை என்றும் சொல்ல முடியாது. தமிழ்99 விசைப்பலகைச் செயலிகள் சிலவற்றில் ஷிப்டோடு சேர்த்து அழுத்தினால் ௳, ௴, ௵ வரிசையாக வரும், ௸ கூட வரும். நிரலாளர்கள் யாராவது வேறு குறி கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தால், அங்கே நாலைந்து காலியாக இருக்கின்றன.