சித்திரையில் கரையேறும் படகுகள்

வருஷப் பிறப்பன்று நாம் வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டுவிட்டுப் பஞ்சாங்கம் கேட்க உட்காரும் வேளையில், கிழக்குக் கடற்கரையெங்கும் விசைப்படகுகள் ஒவ்வொன்றாகத் துறைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை, 61 நாள், அவை மீன் பிடிக்கச் செல்லலாகாது என்பது சர்க்கார் உத்தரவு. மீனினம் பெருகும் பருவத்தில் கடலுக்குச் சற்று ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2017 முதல் 61 நாளாயிற்று. நாட்டுப் படகுகளுக்கு இத்தடை கிடையாது.

கடலுக்கு ஓய்வு, ஆனால் படகுக்காரருக்கு ஓய்வு என்று எண்ணிவிடக் கூடாது. பத்து மாதம் உப்பு நீரில் கிடந்த படகைக் கரையேற்றி அதன் அடிவயிற்றைப் பார்ப்பதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இது ஒன்றுதான்.

குளிர் தேசங்களில் இவ்வேலை வேறு காலத்தில் நடக்கிறது. ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் அக்டோபர் மாதத்தில் படகுகளைக் கரையேற்றுகிறார்கள். மீண்டும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அவை நீரைத் தொடும். அங்கே பகைவன் பனிக்கட்டி. ஜலம் உறையும்போது நூற்றுக்குச் சுமார் ஒன்பது பங்கு பருக்கிறது. யந்திரத்தைக் குளிர்விக்க ஓடும் நீரில் ஓர் ஆழாக்கு உள்ளே தங்கிவிட்டாலும் போதும். அது உறைந்து பருத்து, கனத்த வார்ப்பிரும்பையும் பிளந்துவிடும். ஆகையால் நீர் முழுவதையும் வடித்துவிட்டு, உறையாத திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். சிறு படகுகளின் வெளியே தொங்கும் யந்திரமானால், அதன் பல்சக்கரப் பெட்டியிலுள்ள எண்ணெயைத் திறந்து பார்க்கிறார்கள். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் கரையில் பனி ஏது? இங்கே உப்பும் வெயிலுமே பகைவர்கள். யந்திரத்துக்குள் நீர் உலர்ந்தால் உப்பு படிந்து குழாய்களை அடைக்கிறது. ஆகவே நல்ல தண்ணீரை உள்ளே செலுத்திக் கழுவ வேண்டும். பழைய எண்ணெயில் எரிபொருளின் அமிலம் கலந்திருப்பதால், நிறுத்துவதற்கு முன்பே புது எண்ணெய் மாற்ற வேண்டும். ஜூன் மாதத்தில் மாற்றிக் கொள்ளலாம் என்று விடுகிறவர்களே அதிகம். மரப் படகானால் வெயிலின் கொடுமை இன்னும் பெரிது. கத்திரி வெயிலில் பலகைகள் உலர்ந்து சுருங்கி, சந்துகள் வாய் திறந்துவிடும். ஓலையோ சாக்கோ போட்டு மூடி, அவ்வப்போது நனைத்து வைப்பது இதற்காகத்தான். சந்துகளில் பஞ்சு வைத்து அடைக்கும் வேலையைத் தச்சர்கள் செய்யும்போது எழும் 'டக், டக்' என்னும் ஓசையை, சித்திரை வைகாசி மாதங்களில் தூத்துக்குடிக் கரையில் நாள் முழுவதும் கேட்கலாம்.

அந்த ஓசைக்கு நடுவேதான் சென்ற கோடை விடுமுறையில் நாம் ஒரு நாளைக் கழித்தோம். நம்மிடம் பத்தாம் வகுப்பு வரையில் படித்த பையன் ஒருவன் இப்பொழுது ஒரு மரப் படகுக்குச் சொந்தக்காரன். கணக்கில் கெட்டிக்காரன். படகு வாங்கியதில் பாதிப் பணம் கடன்; மீதியில் ஒரு பங்கு அவனுடைய மனைவியின் நகை. வருமானம் நின்றுபோன இரண்டு மாதத்தில்தான் பெருஞ் செலவும் வந்து நிற்கிறது என்பதால், காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தான்.

"வர்ணம் பூசியே ஆகணும், ஸார். பஞ்சும் அடைச்சாகணும். காத்தாடியை மட்டும் இந்த வருஷம் கழற்ற வேண்டாம்னு பார்க்கிறேன். நல்லாத்தானே ஓடுது?" என்றான்.

பிரொப்பெல்லர் என்பதையே கடற்கரையில் காத்தாடி என்கிறார்கள். அழகான பெயர்தான்; ஆனால் காற்றில் சுழலும் காத்தாடி வெறும் விளையாட்டு. நீரில் சுழலும் இந்தக் காத்தாடியோ பல டன் எடையுள்ள படகைத் தள்ளுகிறது. திருகாணி மரத்தினுள் முன்னேறுவது போல அது நீரினுள் முன்னேறுகிறது. ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பது இலைகளின் சாய்வைப் பொறுத்தது. நீர் மரத்தைப் போலக் கெட்டியானதன்று. ஆகையால் இரண்டடி செல்ல வேண்டிய சுற்றில் அதற்குக் குறைவாகவே படகு நகரும். இலையில் கொட்டலசு ஒட்டிக் கொண்டாலோ, விளிம்பு மடங்கிவிட்டாலோ இந்த நஷ்டம் மேலும் அதிகரித்து, டீசலாக வெளியே போகிறது.

இதைக் கண்டுபிடித்த வரலாற்றிலேயே ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் பிரான்ஸிஸ் பெட்டிட் ஸ்மித் என்னும் விவசாயி 1836-ல் நீண்ட மரத் திருகு ஒன்றைப் படகின் பின்புறம் பொருத்தி உரிமை பெற்றார். 1837-ல் கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது திருகு எதிலோ மோதிப் பாதி முறிந்துவிட்டது. படகு நின்றுவிடும் என்று எல்லோரும் நினைக்க, அது முன்னைவிட வேகமாக ஓடிற்று! திருகின் நீளம் வீண் பாரம் என்பது அப்பொழுதுதான் தெரிந்தது. 1845-ல் ஆங்கிலேயக் கடற்படையார், திருகுள்ள ராட்லர் கப்பலையும் பக்கச் சக்கரங்களுள்ள அலெக்டோ கப்பலையும் வால் சேர்த்துக் கட்டி எதிரெதிராக இழுக்க விட்டார்கள். அலெக்டோவின் சக்கரங்கள் முன்னோக்கிச் சுழன்றுகொண்டே இருக்க, ராட்லர் அதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றுவிட்டது.

நம் மாணவனின் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்த வயதான மேஸ்திரி, கையில் ஒரு சிறு சுத்தியலுடன் படகின் பின்புறம் போய்க் குனிந்தார்.

"சார்வாள், இங்ஙன வாங்க. இந்தச் சத்தத்தைக் கேளுங்க" என்று ஓர் இலையை மெல்லத் தட்டினார். மணி போல ஒலித்தது. இரண்டாவது இலையும் அவ்வாறே. மூன்றாவது இலையின் நுனியில் தட்டியபோது ஓசை செத்துப்போயிருந்தது. அவ்விடத்தை உப்புத் தாளால் தேய்த்தார். பொன்னிறமாக இருக்க வேண்டிய உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

இதன் ரகஸ்யம் இதுதான். காத்தாடிக்குப் பெரும்பாலும் உபயோகிக்கும் உலோகத்தை வெண்கலம் என்று அழைத்தாலும், பல சமயம் அது செம்பும் துத்தநாகமும் கலந்த ஒருவகைப் பித்தளையே. உப்பு நீரில் இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், பாட்டரியில் நடப்பது போலவே மின்சாரம் ஓடி, இரண்டில் பலவீனமானது கரைகிறது. பித்தளைக்குள்ளேயே இருக்கும் துத்தநாகம் கரைந்துபோனால், எஞ்சுவது கடற்பாசி போலத் துளை விழுந்த செம்பு. பார்வைக்கு இலை முழுசாக இருக்கும்; பலம் இராது. ஒரு கட்டையில் இடித்தால் பிஸ்கோத்துப் போல உடைந்துவிடும்.

இதைத் தடுக்கும் வழி இருநூறு வருஷத்துப் பழமையானது. ஸர் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி 1824-ல், கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத் தகடு கரையாமலிருக்க, அதனுடன் இரும்புத் துண்டுகளையோ துத்தநாகத் துண்டுகளையோ சேர்த்து வைக்கலாம் என்று கண்டார். செம்புக்குப் பதிலாக அவை கரையும். யோசனை முற்றிலும் பலித்தது. ஆனால் அதனாலேயே கஷ்டம் வந்தது. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்ததால்தான் அதன் விஷத்துக்கு அஞ்சிக் கொட்டலசும் பாசியும் அண்டாமலிருந்தன. செம்பு கரையாமல் நின்றதும் அவை தடையின்றி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் கெடுத்தன. பாவம், டேவி! பிற்காலத்தில் இரும்புக் கப்பல் வந்தபின் அவருடைய முறைக்கு உரிய இடம் கிடைத்தது. இன்று காத்தாடித் தண்டின் அருகே முடுக்கியிருக்கும் துத்தநாகக் கட்டி, டேவியின் கட்டிதான். அது பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் ஒருபோதும் வர்ணம் பூசலாகாது. பூசினால் அது கரையாது, காத்தாடி கரையும். நம் மாணவனுடைய படகில் சென்ற வருஷம் வர்ணம் அடித்தவர், கட்டியின்மீதும் தாராளமாக ஒரு பூச்சுப் பூசியிருந்தார். கட்டி புத்தம் புதிதாக இருந்தது!

பையன் பேசவில்லை. மேஸ்திரி தொடர்ந்து, "நட்டையும் கழற்றிப் பார்த்திருவோம், தம்பி" என்றார்.

காத்தாடி தண்டின் நுனியில் கூம்பான பகுதியில் இறுகப் பொருந்தியிருக்கும். அது வழுக்கிச் சுழலாதபடி ஓர் இரும்புக் 'கீ'யும், கழன்றுவிடாதபடி ஒரு நட்டும், அந்த நட்டு தளராதபடி ஒரு பிளவு ஊசியும் உண்டு. எல்லாவற்றிலும் மலிவான சாமான் அந்த ஊசி. மேஸ்திரி அதை வெளியே இழுத்தபோது ஒரு கால் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. பலமுறை நிமிர்த்தி, மறுபடி வளைத்து உபயோகித்த ஊசி.

ஊசி போனால் என்ன ஆகும் என்பதை அவரே சொன்னார். சில வருஷங்களுக்கு முன் ஒரு படகு. முன்னோக்கி ஓடும் வரையில் காத்தாடி தண்டைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஒன்றும் தெரியவில்லை. வலையை விடுவிக்க யந்திரத்தைப் பின்னோக்கித் திருப்பினார்கள். தளர்ந்திருந்த நட்டு கழன்றது. காத்தாடி பின்புறம் வழுகிச் சுக்கானில் மோதி, அதையும் வளைத்துவிட்டுக் கடலில் விழுந்தது. யந்திரம் ஓடுகிறது, படகு நகரவில்லை! இரண்டு இரவு காற்று இழுத்த பக்கமெல்லாம் சென்றார்கள். மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1976-ல் வகுத்த எல்லைக் கோடு நீர்மேல் எழுதியிருக்கவில்லை. எல்லை தாண்டிய படகு வேண்டுமென்று தாண்டியதா, மிதந்து வந்ததா என்பதைக் காவற்படகுக்கு யார் விளக்குவது? மூன்றாம் நாள் காலையில் வேறொரு படகு கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்தப் படகில் இருந்தவர்களில் ஒருவர் மேஸ்திரியின் மருமகன்.

மாணவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பிறகு நடந்த வேலையை நாம் உட்கார்ந்து பார்த்தோம். காத்தாடியைச் சுத்தியால் அடித்துக் கழற்றுவது பெரும் பிசகு. இலையும் தண்டும் கெடும். இரண்டு கையுள்ள 'புல்லர்' ஒன்றை மாட்டிச் சிறிது சிறிதாகத் திருகினார்கள். 'டப்' என்ற ஓசையுடன் அது நெகிழ்ந்தது. தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, தாங்கியின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று சோதித்தார் மேஸ்திரி. தண்டின்மேல் நைலான் நூல் ஒரு கண்டு அளவுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. வலையிலிருந்து அறுந்த இந்த நூல் சூட்டில் உருகி இறுகித் தண்டையே அறுத்துவிடும் என்றார். செத்த ஓசை எழுப்பிய காத்தாடியைச் செப்பனிடுவதில் பயனில்லை. கொல்லன் உலையில் காய்ச்சி நிமிர்த்துகிறவர்களும் உண்டாம். அவர்களிடம் கொடுப்பதைவிடப் பழைய உலோகத்தின் விலைக்குப் போடுவது மேல் என்பது மேஸ்திரியின் அபிப்பிராயம். நமக்கும் அதுவே சரியென்று பட்டது. கடன் ஏறினாலும் வேறு காத்தாடி வந்தது. அதை ஓர் உருளையில் கோத்து, இரண்டு கூரிய விளிம்புகள்மீது வைத்து, எந்த இலையும் தானாகக் கீழே இறங்கவில்லை என்று பார்த்தபின்பே பொருத்தினார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கையில், இதே ஊரில் 1906-ல் சிதம்பரம் பிள்ளை அவர்கள் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் ஞாபகம் வந்தது. காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்து சேர்ந்த நாளைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அவற்றின் திருகையும் தண்டையும் எண்ணெய்க் கையுடன் கவனித்தவர் யாரென்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

ஜூன் மாதம் இரண்டாவது வாரத்தில் படகு நீரில் இறங்கிற்று என்று மாணவன் எழுதியிருந்தான். முதல் நாள் பலகைகள் ஊறும்வரை கொஞ்சம் நீர் கசிந்ததாம், அது வழக்கந்தான். மேஸ்திரி உடனே யந்திரத்தை ஓட்ட விடவில்லை. கரையில் கட்டைமேல் நின்ற மரப் படகுக்கும் நீரில் மிதக்கும் படகுக்கும் வடிவத்தில் சிறு மாறுதல் உண்டு. ஆகையால் இரண்டு நாள் மிதக்க விட்டு, யந்திரமும் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று மெல்லிய தகடுகளைச் செருகி அளந்து, ஒரு பக்கம் சற்று உயர்த்தியிருக்கிறார். பிறகு ஓட்டிவிட்டு, தண்டு படகைவிட்டு வெளியேறும் இடத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாராம். அங்கே கிரீஸ் தோய்ந்த கயிறு வைத்து இறுக்கியிருக்கும். ஓடும்போது ஒரு சொட்டும் கசியாவிட்டால் மிகவும் இறுகிவிட்டது, தண்டு சூடேறித் தேயும். ஒழுகினால் படகுக்குள் நீர் ஏறும்.

"நிமிஷத்துக்கு ஆறு சொட்டு, ஸார். மேஸ்திரி எண்ணச் சொன்னார், நானே எண்ணினேன்" என்று எழுதியிருந்தான். 15-ந் தேதி விடிவதற்கு முன் புறப்பட்டு, அன்று இரவு திரும்பியிருக்கிறார்கள். மீன் எவ்வளவு கிடைத்தது என்பதை அவன் எழுதவில்லை.