ஹோபி பேக்கர்: கோட் பாக்கெட்ல ஊர் திரும்பும் உத்தரவு

1918 டிசம்பர் 21. பிரான்ஸ்ல தூல் நகரத்துப் பக்கம் ஒரு விமானத் தளம். நல்ல மழை. முதல் உலகப் போர் முடிஞ்சு 40 நாள் ஆச்சு. அமெரிக்காவுக்குத் திரும்பலாம்னு உத்தரவு வந்து, அது கோட் பாக்கெட்லயே இருக்கு. ஆனா அந்த 26 வயசு கேப்டன், கடைசியா ஒரு தடவை பறந்துட்டுத்தான் போவேன்னு கிளம்புறார்.

அவர்தான் ஹோபி பேக்கர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல ஐஸ் ஹாக்கி, அமெரிக்கன் ஃபுட்பால் ரெண்டுலயும் ஸ்டார். அப்போ ஹாக்கியில ஒரு அணிக்கு ஏழு பேர். அந்த ஏழாவது ஆளுக்கு ‘ரோவர்’னு பேர், களம் முழுக்க சுத்தி வரலாம். பேக்கர் ஆடினது அந்த இடத்துலதான். பக்கைக் குனிஞ்சு பார்க்காமலே கொண்டுபோகணும்னு ராத்திரி இருட்டுல பயிற்சி எடுத்தாராம். மேட்ச் முடிஞ்சதும் எதிரணி அறைக்கே போய் கை குலுக்குவார்.

படிப்பு முடிஞ்சதும் நியூயார்க்ல ஜே.பி. மோர்கன் வங்கியில வேலை. சாயங்காலம் செயின்ட் நிக்கோலஸ் கிளப்புக்காக ஹாக்கி, அதுவும் சம்பளமே இல்லாம. காசு வாங்கி ஆடுறது ஜென்டில்மேனுக்கு அழகில்லைன்னு அவர் வளர்ந்த பணக்கார வட்டாரம் நினைச்சுது. நம்ம காதுக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனா அதனால, பிடிச்ச ஒரே விஷயத்தை அவரால தொழிலா ஆக்கிக்க முடியல. வங்கி வேலையோ சுத்தமா ஒட்டல.

போர் வந்ததும் அந்த வேகம் வானத்துல கிடைச்சுது. 141-வது ஏரோ ஸ்குவாட்ரனுக்குத் தலைமை. அதோட விமானங்களுக்கு பிரின்ஸ்டனோட ஆரஞ்சு, கறுப்பு நிறத்தையே அடிக்க வெச்சார்.

அன்னிக்கு அவர் எடுத்தது, ரிப்பேர் ஆகி வந்த ஒரு ஸ்பாட் விமானம். கிளம்பின கொஞ்ச நேரத்துலயே இன்ஜின் நின்னு போச்சு. தாழ்வா பறக்கும்போது இன்ஜின் நின்னா, நேரா முன்னாடி எங்கேயாவது இறக்கிடணும். திரும்பினா வேகம் குறையும், இறக்கை தூக்காது. பேக்கர் தளத்தை நோக்கித் திரும்பினார். விமானம் விழுந்தது, அவர் பிழைக்கல.

வேணும்னே செஞ்சாரோன்னு அப்பவே ஒரு பேச்சு இருந்துது. நிச்சயமான கல்யாணம் நின்னு போயிருந்துது, ஊர்ல காத்திருந்தது பிடிக்காத வேலை. ஆனா சாக நினைக்கிறவர் எதுக்குத் தளத்துக்குத் திரும்பணும்? எனக்கு அது, விமானத்தைப் பத்திரமா கொண்டுவந்து சேர்க்கப் பார்த்த மாதிரிதான் தெரியுது.

1981-லிருந்து அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியோட சிறந்த வீரருக்குக் கொடுக்குற விருது, இவர் பேர்லதான்.