குவியலில் கிடந்த ஆல்பம்



இசைப் பகுதிக்கு என்னை எழுதச் சொன்னதும் எல்லாரும் சினிமாப் பாட்டுதான் வரும்னு நினைச்சிருப்பீங்க. நான் எழுதப் போவது ஸ்வீடன் நாட்டுக் குழுவின் பாட்டு. பெயர் 'தி லுக்'. பாடியது 'ராக்ஸெட்' என்ற இருவர் குழு. 1989 ஏப்ரல் 8-ஆம் தேதியிட்ட அமெரிக்க பில்போர்டு பட்டியலில் இந்தப் பாட்டு முதலிடம் பிடித்தது. அதுல என்ன அதிசயம்னு கேட்கிறீங்களா? அமெரிக்காவில் இதை வெளியிட வேண்டிய கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அப்படியும் அது அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டு போனது ஒரு மாணவர்!

முதலில் அந்த இருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பெர் கெஸ்லே. ஸ்வீடனின் மேற்குக் கடற்கரையில் ஹால்ம்ஸ்டாட் என்று ஒரு ஊர், அங்கே பிறந்தவர். பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், பாடுவார். இன்னொருவர் மரீ பிரெட்ரிக்சன். அபாரமான குரல். இருவருமே ஸ்வீடிஷ் மொழியில் பாடி உள்ளூரில் பெயர் வாங்கியவர்கள்தான். ஆனால் ஸ்வீடிஷ் மொழியில் பாடினால் ஸ்வீடனைத் தாண்டிக் கேட்பவர்கள் குறைவு. அதனால் 1986-இல் ஒன்று சேர்ந்து ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு முன்னால் 'அப்பா' என்ற குழு (நம்ம வீட்டு அப்பா இல்லைங்க, குழுவின் பெயரே அதுதான்!) ஸ்வீடனிலிருந்து கிளம்பி உலகப் புகழ் பெற்றிருந்தது. ஆனால் 1980-களின் தொடக்கத்திலேயே அந்தக் குழு பாடுவதை நிறுத்திவிட்டது.

இப்போது பாட்டு பிறந்த கதை. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் காலத்தில் மேல்நாட்டுப் பாட்டெல்லாம் சிந்தசைசர் மயம். சிந்தசைசர் என்றால் என்ன? வீணையில் கம்பி அதிர்கிறது, புல்லாங்குழலில் காற்று அதிர்கிறது. சிந்தசைசரில் அப்படி எதுவும் அதிர்வதில்லை. உள்ளே இருக்கும் மின்சுற்று ஒரு மின் அலையை உண்டாக்கும். அந்த அலையை வடிகட்டி, கூட்டிக் குறைத்து, ஸ்பீக்கருக்கு அனுப்பினால் அது ஒலியாக வெளியே வரும். அலையின் வடிவத்தை மாற்றினால் ஒலியின் குணமே மாறிவிடும். ஒரே கட்டையை அழுத்தி மணி மாதிரியும் கேட்கலாம், பேஸ் கிட்டார் மாதிரியும் கேட்கலாம்.

கெஸ்லே 1988-இல் வைத்திருந்தது என்சோனிக் ஈ.எஸ்.கியூ-1 என்ற கருவி. அதற்குள் சீக்வென்சர் என்று ஒரு பகுதி உண்டு. இதையும் டேப் ரெக்கார்டரையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். டேப் ரெக்கார்டர் ஒலியையே பிடித்து வைக்கும். சீக்வென்சர் எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தமாக என்ற குறிப்பை மட்டும்தான் பிடித்து வைக்கும். நம்ம பாட்டு டீச்சர் நோட்டில் ஸ்வரம் எழுதிக் கொடுப்பாங்களே, அந்த மாதிரி. குறிப்பு இருந்தால் போதும், வேகத்தைக் கூட்டலாம், வீணை ஒலியைக் குழல் ஒலியாக்கலாம், தப்பான ஒரு ஸ்வரத்தை மட்டும் திருத்தலாம். அந்தக் கருவியில் இப்படி 8 தனித்தனித் தடங்கள் இருந்தன.

கெஸ்லேக்கு அந்தக் கருவியை ஓட்டிப் பழக வேண்டியிருந்தது. பழகுவதற்காக ஒரு பேஸ் வரியைப் போட்டுப் பார்த்தார். அதுதான் 'தி லுக்' பாட்டின் அடித்தளம்! வார்த்தைகளும் அப்படித்தான். மெட்டுக்கு உட்காருகிறதா என்று பார்க்க வாய்க்கு வந்ததைத் தற்காலிகமாக எழுதி வைத்தார். பிறகு நல்ல வரிகள் எழுதலாம் என்று யோசித்தும் அதைவிடப் பொருத்தமாக எதுவும் வரவில்லை. அதையே விட்டுவிட்டார்கள். அதனால்தான் முதல் இரண்டு சரணத்துக்கும் அர்த்தம் தேடினால் தலை சுத்தும். நானும் டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து பார்த்துவிட்டேன், நீங்களும் சிரமப்பட வேண்டாம்.

சிலர் சொல்வார்கள், "இதெல்லாம் மெஷின் வாசிக்கிறது, இதுல மனுஷன் உழைப்பு எங்கே இருக்கு?" என்று. எனக்கு அது சரியாகப் படவில்லை. தயாரிப்பாளர் கிளாரன்ஸ் ஓஃபர்மனும் குழுவினரும் இந்தப் பாட்டில் மெஷின் தாளத்தின் மேலேயே யோனாஸ் இசாக்சன் என்பவரின் கிட்டாரை வைத்தார்கள். தாளம் இம்மி பிசகாமல் போகிறது. கிட்டாரும் குரலும் அதன் மேல் ஏறி விளையாடுகின்றன. மெஷின் பிடித்து வைப்பது நேரத்தை மட்டும்தானே!

'லுக் ஷார்ப்!' என்ற ஆல்பம் 1988 அக்டோபரில் ஸ்வீடனில் வந்து சக்கைப்போடு போட்டது. ஆனால் ஈ.எம்.ஐ. கம்பெனியின் அமெரிக்கக் கிளை, எங்கள் ஊர் ரசிகர்களுக்கு இது சரிப்படாது என்று வெளியிட மறுத்துவிட்டது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

அந்தச் சமயம் ஸ்வீடனில் ஒரு அமெரிக்க மாணவர் படித்துக்கொண்டிருந்தார். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர், சொந்த ஊர் மினியாபொலிஸ். ஊருக்குப் போகும்போது அந்த ஆல்பத்தையும் எடுத்துப் போனார். நேராக அங்கிருந்த கே.டி.டபிள்யூ.பி. ரேடியோ ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தார். இதைப் போடுங்கள் என்றார். அங்கே யாரும் உடனே கேட்கவில்லை, குவியலோடு குவியலாகக் கிடந்தது. சில நாள் கழித்து அவர் வந்து, என் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாராம். கொடுப்பதற்கு முன் ஒருதரம் கேட்டுவிடுவோமே என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளர் போட்டுப் பார்த்தது 'தி லுக்'. அப்புறம் அது ஒலிபரப்பானதும், இது யார், எங்கே கிடைக்கும் என்று நேயர்கள் போன் மேல் போன் போட்டார்கள். மற்ற ஊர் ஸ்டேஷன்களுக்கும் பாட்டு பரவியது. கடையில் வாங்க அந்த ரெக்கார்டே இல்லை, ரேடியோவில் மட்டும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது! அதற்குப் பிறகுதான் கம்பெனி அவசர அவசரமாக வெளியிட்டது.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த மாணவர் திருப்பிக் கேட்கப் போகாமல் இருந்திருந்தால்? ஆல்பம் அந்தக் குவியலிலேயே தூசி படிந்திருக்கும். அவருக்கு இதில் ஒரு பைசா லாபம் கிடையாது. தனக்குப் பிடித்ததை நாலு பேர் கேட்கணும், அவ்வளவுதான்.

கதவு ஒருமுறை திறந்ததும் ராக்ஸெட்டின் இன்னும் மூன்று பாட்டுகள் அதே பட்டியலில் முதலிடம் பிடித்தன. 1989-இல் 'லிசன் டு யுவர் ஹார்ட்', 1990-இல் 'பிரெட்டி வுமன்' படத்தில் வந்த 'இட் மஸ்ட் ஹேவ் பீன் லவ்', 1991-இல் 'ஜாய்ரைடு'. மரீக்கு 2002-இல் மூளையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பிறகு பல வருடம் கழித்து மறுபடி மேடை ஏறிப் பாடினார். 2019 டிசம்பர் 9-ஆம் தேதி காலமானார்.

'தி லுக்' கேட்கக் கிடைத்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். முக்கியப் பாட்டைப் பாடுவது கெஸ்லே. நடுநடுவே மரீயின் குரல் வந்து வெட்டும் இடங்களைக் கேளுங்கள், பாட்டே நிமிர்ந்து உட்காரும். கடைசிப் பகுதியில் எல்லாம் முடிந்தது போல ஒரு இடத்தில் சட்டென்று நிற்கும். ஆஃப் பண்ணிடாதீங்க, இன்னும் இருக்கு!