அலாவுதீன் கானின் நல் தரங்

பழைய துப்பாக்கிக் குழல்களை அளவளவாக அறுத்து, கோலால் தட்டினால் சுரம் பேசும் ‘நல் தரங்’ வாத்தியமாக்கினார் மைஹர் சமஸ்தான வித்வான் அலாவுதீன் கான். அனாதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அவர் உருவாக்கிய மைஹர் பேண்டில் அது ஒலித்தது.

வீட்டிலோ படு கண்டிப்பு. மகன் அலி அக்பருக்கு சரோட் பாடம், அடியும் உண்டு. இளைய மகள் அன்னபூர்ணாவுக்கு மட்டும் பாடமில்லை. மூத்த மகளின் புகுந்த வீட்டில் இசையால் வந்த மனக்கசப்பு அவரை அப்படித் தயங்க வைத்திருந்தது. அண்ணன் தவறாக வாசித்ததைச் சிறுமி பாடித் திருத்தியபோது தந்தை கேட்டுவிட்டார் என்பார்கள். தயக்கம் போயிற்று. பின்னர் சுர்பஹார் வாத்தியத்தையே அவள் கையில் கொடுத்தார்.

‘பாபா’ என்று அழைக்கப்பட்ட அலாவுதீன் கான் 1972இல் மைஹரில் காலமானார். புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌரசியா பாடம் கேட்டது மகள் அன்னபூர்ணாவிடம்தான்.