‘அதே மாதிரி நாய்தான் வேணும்’னு தேடாதீங்க... செல்ல நாயை இழந்தவர்கள் தத்தெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

வீட்டில் 10, 12 வருஷம் கூடவே இருந்த நாய் இறந்துபோனால், விசாரிக்க வருபவர்களில் ஒருவராவது இப்படிச் சொல்வார்: “இன்னொரு குட்டியைக் கொண்டாந்து விட்டா எல்லாம் சரியாப்போயிடும்.” நல்ல மனசோடுதான் சொல்கிறார். நாமும் தேட ஆரம்பிக்கிறோம். அதே செவலை நிறம், அதே மடிந்த காது, முடிந்தால் நெற்றியில் அதே வெள்ளைத் திட்டு. கிடைத்த குட்டிக்குப் பழைய ‘மணி’யின் பெயரையே வைத்தும்விடுகிறோம்.

பிரச்னை இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். பழைய மணி வாசலில் அமைதியாகப் படுத்திருப்பான். புது மணி செருப்பைக் கடிக்கிறான், பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்துகிறான். “அவன் ஒருநாளும் இப்படிப் பண்ணினதில்ல” என்ற பேச்சு வீட்டில் தினமும் ஓடுகிறது. கடைசியில் அந்த நாய் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கிறது. இல்லையென்றால், வேறு ஊர் ரோட்டோரத்தில் இறக்கிவிடப்படுகிறது. பழைய நாயின் ஜெராக்ஸைத் தேடாமல், இப்போதைய உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் நாயைத் தேடினால் இதைத் தவிர்க்கலாம். எப்படின்னு பார்ப்போம்.

‘நாய்க்குப் போய் இவ்ளோ அழுகையா?’

இந்தக் கேள்விக்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை. கள்ளக்குறிச்சிக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த நடுகல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்துபோன கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல் அது. அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. சுமார் 1,400 வருஷத்துக்கு முன்பே ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதிவைத்த மண் இது. நீங்கள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் அதில் அதிசயம் எதுவும் இல்லை.

ஆனால் அந்தத் துக்கம் தீர எவ்வளவு நாள் ஆகும் என்பதற்குக் கணக்கு கிடையாது. சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு ஒரு வருஷம். நாளை எண்ணுவதைவிட இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

- வீட்டில் எல்லோரும் சம்மதமா? முக்கியமாக, தினமும் சோறு வைக்கப்போகிறவர் சம்மதித்தாரா?
- ராத்திரி 2 மணிக்கு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் வண்டி எடுப்பது யார்?
- புது நாய் பழைய நாய் செய்த எதையுமே செய்யாவிட்டாலும் உங்களுக்குப் பரவாயில்லையா?

மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அதுவரை, உள்ளாட்சி அமைப்பு ஒதுக்கிய இடத்தில் தெரு நாய்க்குச் சோறு தண்ணி வைக்கலாம். அடிபட்ட நாயைக் குணமாகும் வரை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். நாய் கூட இருந்த மாதிரியும் ஆச்சு, அவசர முடிவும் எடுக்க வேண்டாம்.

முதலில் தெரிய வேண்டியது: பழைய நாய் எதனால் இறந்தது?

வயசாகி இறந்திருந்தால் கவலை இல்லை. ஆனால் ரத்தம் கலந்த பேதியும் வாந்தியுமாக இறந்திருந்தால், அது பார்வோ வைரஸாக இருக்க வாய்ப்பு உண்டு. இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள், சில இடங்களில் ஒரு வருஷத்துக்கு மேலும்கூட உயிரோடு இருக்கும். சோப்புத் தண்ணிக்குச் சாகாது. சிமென்ட் தரை, சாப்பாட்டுத் தட்டு போன்றவற்றை முதலில் நன்றாகக் கழுவி, பிறகு 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு திரவ ப்ளீச் கலந்து ஊற்றி 10 நிமிஷம் விட வேண்டும். மண் வாசலை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுவரவே கூடாது. தடுப்பூசி போட்ட வளர்ந்த நாய்தான் சரி.

வெறிநோய் சந்தேகம் இருந்திருந்தால், புது நாயைப் பற்றி யோசிக்கும் முன் அந்த நாயோடு பழகிய வீட்டு ஆட்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

எந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவரலாம்?

கள்ளக்குறிச்சி டவுனில் வாடகை வீட்டு மாடி, சங்கராபுரம் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு காட்டுக்கொட்டாய், கல்வராயன் மலையில் மரவள்ளிக் காட்டை ஒட்டிய வீடு... மூன்றுக்கும் ஒரே நாய் பொருந்தாது. ஓடியாடி வளர்ந்த நாயை மாடியில் அடைத்தால் அது கத்திக்கொண்டே இருக்கும். பயந்த சுபாவம் உள்ள நாயைக் காவலுக்குத் தோட்டத்தில் விட்டால் அது தினமும் நடுங்கும்.

எல்லோரும் குட்டியைத்தான் கேட்கிறார்கள். ஆனால் நிறைய வீடுகளுக்கு 2 வயசுக்கு மேற்பட்ட நாட்டு நாய்தான் வசதி. அதன் உயரம், குணம், குரல் எல்லாம் ஏற்கெனவே தெரிந்துவிடும். வயதான அம்மா, அப்பா இருக்கும் வீட்டில் காலுக்குள் ஓடும் குட்டியால் தடுக்கி விழும் அபாயமும் இல்லை.

குட்டிதான் வேண்டும் என்றால் வயசைப் பாருங்கள். 3 வாரத்தில் இருந்து 12, 14 வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகும் காலம். மனுஷங்க, வண்டிச் சத்தம், குழந்தைகள் எல்லாவற்றையும் அந்த நேரத்தில் நல்லவிதமாகப் பார்த்த குட்டி பிறகு பயப்படுவது குறைவு. அதற்காகக் கண் திறந்ததும் தூக்கிவரக் கூடாது. 8 வாரம் வரை தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்கட்டும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அங்கேதான் அது கற்றுக்கொள்ளும்.

‘பழையது ராஜபாளையம், அதே ஜாதிதான் வேணும்’ என்பவர்களுக்கு ஒரு தகவல். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நாய்களின் நடத்தையில் காணப்படும் வித்தியாசங்களில் ஏறக்குறைய 9 சதவிகிதத்தை மட்டுமே இனத்தை வைத்து விளக்க முடியும் என்று அது சொன்னது. அதாவது, ஒரே ஜாதி என்பதால் ஒரே குணம் வராது. முழு வெள்ளையான ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவையும் உண்டு. அப்படி ஒன்றை எடுப்பதாக இருந்தால், அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

எங்கே தேடுவது?

சென்னையில் 1959-ல் கேப்டன் வி.சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் தத்துக்கு நாய்கள் கிடைக்கும். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் சொல்லிவையுங்கள். கைவிடப்பட்டது, அடிபட்டு வந்தது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியவரும். சின்னசேலத்தைத் தாண்டி சேலம் போகும் வழியில், தலைவாசல் பக்கத்தில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

தெருவில் நீங்களே பார்த்துப் பழகிய நாயையும் எடுக்கலாம். 2025 ஆகஸ்ட் 22-ல் தெரு நாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவிலேயே, விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெரு நாயைத் தத்தெடுக்கலாம் என்று இருக்கிறது. கூடவே ஒரு நிபந்தனை: அந்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு. காதில் சின்னதாக வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை முடிந்தது என்று அர்த்தம்.

கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. வெள்ளிமலையிலோ அருவிப் பக்கத்திலோ கழுத்தில் பெல்ட் இல்லாமல் திரியும் நாயெல்லாம் அநாதை இல்லை. மலைக் கிராமங்களில் ஆட்டுக்கும் காட்டுக்கும் காவல் இருக்கும் நாய் அவிழ்த்துவிட்டுத்தான் வளரும். ‘பாவமா இருந்துச்சு’ என்று காரில் ஏற்றினால் யாரோ ஒருவர் வீட்டு நாயைத் தூக்கிவந்தது போலத்தான். ஊரில் விசாரிக்காமல் எடுக்காதீர்கள்.

ஒரே தடவை பார்த்து முடிவு பண்ணாதீங்க

மூன்று தடவை, மூன்று வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். காலையில் அமைதியாக இருக்கும்போது, சாப்பாட்டு வேளையில், சாயங்காலம் வண்டியும் ஆளும் நடமாடும்போது. கவனிக்க வேண்டியவை இவை:

- கிட்ட வரும் விதம்: உடம்பைத் தளர்த்தி, கொஞ்சம் பக்கவாட்டில் வளைந்து வந்தால் நல்லது. விறைப்பாக நின்று கண்ணையே முறைத்தால் விலகி நில்லுங்கள்.
- சத்தம்: கொஞ்ச தூரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். எல்லா நாயும் திடுக்கிடும். எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.
- சாப்பாடு: தட்டில் கை வைத்துச் சோதிக்காதீர்கள். பக்கத்தில் ஆள் நடந்தால் உறுமுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது முக்கியம்.
- கோழி, ஆடு: உங்கள் தெருவில் இவை இருந்தால், கயிறு பிடித்து அந்தப் பக்கம் நடத்திப் பாருங்கள்.

முடிவு செய்ததும் வீட்டுக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சகஜம் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். முடி கொட்டியிருந்தால் சொறியாக இருக்கலாம். பிறப்புறுப்பில் ரத்தக் கசிவோ கட்டியோ இருந்தால் தொற்றும் வகைப் புற்றுக்கட்டியாக இருக்கலாம். இரண்டுமே பெரும்பாலும் மருந்தில் குணமாகிறவைதான். இதற்காக நாயை வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை. செலவையும் நாளையும் முன்பே கேட்டுக்கொண்டால் போதும்.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில். அதற்கு முன் குட்டி விளையாட்டாகக் கடித்துப் பல் பட்டாலும், ‘குட்டிதானே’ என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

முதல் மூணு மாசம்

தத்து கொடுக்கிறவர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: 3 நாள், 3 வாரம், 3 மாதம். முதல் 3 நாள் பயம். சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கலாம். 3 வாரத்தில் வீட்டுப் பழக்கம் பிடிபடும். உண்மையான சேட்டையும் அப்போதுதான் வெளியே வரும். ‘இது சரிப்பட்டு வராது’ என்று பலர் கைவிடுவதும் அந்த நேரத்தில்தான். 3 மாதம் வரை பொறுத்தால்தான் அந்த நாய் யார் என்றே உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் ஏற்கெனவே இன்னொரு நாய் இருந்தால், அதுவும் கூட்டாளியை இழந்திருக்கிறது. இரண்டையும் கேட்டுக்குள் நேருக்கு நேர் விடாதீர்கள். தெருவில் இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒன்றாக நடந்துவிட்டு உள்ளே அழைத்து வாருங்கள்.

பழைய மணியின் தட்டும் பெல்ட்டும் ஞாபகத்துக்கு அலமாரியில் இருக்கட்டும். போட்டோ சுவரில் இருக்கட்டும். புதுசா வந்ததற்குப் புதுத் தட்டு, புது இடம், வேறு பெயர். தடுப்பூசி அட்டையில் அந்தப் பெயரை எழுதி, அடுத்த ஊசி தேதியை இன்றைக்கே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.