துறையும் பாடும்



நெய்தல் திணையை வகுப்பிலே நடத்திக்கொண்டிருந்தேன். "துறை என்றால் என்ன?" என்று கேட்டேன். "கல்வித்துறை, சுகாதாரத்துறை என்று சொல்வதுதானே சேர்" என்றான் ஒரு மாணவன். இலக்கணத்தில் கெட்டிக்காரனான இன்னொருவன், "திணையின் உட்பிரிவு" என்றான். இரண்டுமே சரியான விடைகள். ஆனால், "படகு இறங்கும் இடம்" என்று ஒருவரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் அவர்களிற் பலர் வெள்ளவத்தைப் பிள்ளைகள். புகையிரதப் பாதையைத் தாண்டினால் கடல். இரவிலே அலையோசையைக் கேட்டபடி உறங்குகிறவர்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? நமது நாட்டிலே திணை என்ற சொல் திணைக்களமாகிவிட்டது. துறை என்ற சொல்லும் அதே வழியிலே அலுவலகத்துக்குள் போய் அமர்ந்துவிட்டது. இன்றைய உரையில் துறையையும், அதனோடு சேர்ந்த பாடு என்ற சொல்லையும் மீண்டும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பார்க்க விரும்புகிறேன்.

மணற்கரையிலே தொழில் செய்பவனுக்கு நாள்தோறும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எங்கே படகை இறக்குவது? எங்கே மீன் கிடக்கும்? முதற் கேள்விக்கு விடை துறை. இரண்டாவதற்கு விடை பாடு.

முதலில் துறையைப் பார்ப்போம். வெள்ளவத்தை என்ற பெயரை நம்மவர் சிலர் வெள்ளத்தோடு சேர்த்துப் பொருள் கொள்வதுண்டு. சிங்களத்திலே 'வெல்ல' என்றால் மணல். 'வத்த' என்றால் தோட்டம். மணல் தோட்டம் என்பதே பொருள். ஆனால் மணல் இருக்கும் இடமெல்லாம் துறையாகிவிடாது. கரையிலே நின்று சிறிது நேரம் அலையைப் பாருங்கள். ஓரிடத்திலே அலை வெள்ளையாய் உடைந்து நுரைக்கும். அதன் கீழே மணல் மேடிட்டு ஆழம் குறைந்திருக்கிறது. சற்றுத் தள்ளி, அலை உடையாமல், நீர் கருமையாய்த் தெரியும் ஓர் இடைவெளி இருக்கும். கரைக்கு ஏறிய நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. அனுபவசாலி தன் கலத்தை அங்கேதான் தள்ளுவான். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போகும். பின்பு ஓர் ஓய்வு உண்டு. அந்த ஓய்வை எண்ணிக் காத்திருந்து, அது வந்ததும் தாமதியாமல் தள்ளவேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. படகுக்குத் துறையாகும் அந்த அமைதியான இடமே குளிப்பவனுக்கு ஆபத்தான இடம். அலை இல்லையே என்று நம்பி இறங்குகிறவனை, கடலுக்குத் திரும்பும் நீரோட்டம் இழுத்துச் சென்றுவிடும். அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகாமல், கரைக்கு ஒப்பாகப் பக்கவாட்டில் நீந்தி நீரோட்டத்தை விட்டு விலகவேண்டும். துறை என்ற சொல்லை அறிந்திருப்பதில் உயிர் காக்கும் பயனும் உண்டு.

துறைக்குக் காலமும் உண்டு. சோழகம் வீசும் மாதங்களிலே மேற்குக் கடல் கொந்தளிக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதித் தொழிலாளர் பலர் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து வாடியமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். வாடை தொடங்கியதும் கிழக்கு கொந்தளிக்கும், மேற்கு அடங்கும். வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்று நான்கு காற்றுக்கும் பெயர் வைத்திருப்பவர்கள் நாம். அப்பெயர்கள் கவிஞன் அழகுக்காகச் சூட்டியவை அல்ல. எந்த மாதத்தில் எந்தத் துறை திறக்கும், எது மூடும் என்று காட்டும் நாட்காட்டி அவை.

அலை மோதும் மணற்கரைக்கென்றே நம்மவர் கண்ட கலம் கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். அலை மேலே ஏறினால் மரங்களின் இடுக்கு வழியே நீர் வடிந்துவிடும். மூழ்குவதற்கு அதிலே குழியே இல்லை. ஆங்கில மாலுமி வில்லியம் டம்பியர், 1697இல் வெளியான தமது பயண நூலிலே சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். அச்சொல் 'கற்றமரான்' என்று ஆங்கிலத்திலே நிலைத்து, இன்று இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராகிவிட்டது. வடதுருவப் பகுதியின் இனுயிற் மக்கள் சட்டத்தின் மேல் கடல்நாயின் தோலைப் போர்த்திச் செய்த 'கயாக்' என்னும் சிறு ஓடமும் இவ்வாறே உலகைச் சுற்றியது. இன்று கடற்கரைகளிலே காணும் பிளாஸ்ரிக் கயாக்குகளில், மேலே ஏறி அமரும் வகையொன்றுண்டு. ஏறிய நீர் தானே வடிவதற்கு அதன் உடலிலே மேலிருந்து கீழாகத் துளைகள் விடப்பட்டிருக்கும். கட்டுமரத்தின் இடுக்குகள் செய்த அதே வேலைதான்.

இனிப் பாடு. கரைவலை வளைத்து இழுப்பதற்கு உரிய இடத்தைக் கரைவலைப்பாடு என்கிறோம். அடியிலே பார், அதாவது கற்பாறை, இருந்தால் வலை கிழியும். ஆகவே மணல் பரந்த இடமே பாடு. சிங்களக் கடற்றொழிலாளரும் அதே சொல்லை வழங்குகின்றனர். நீர்கொழும்புக் களப்பிலும், தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியிலும், வலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிரும் வழக்கத்துக்கும் பாடு என்றே பெயர். நல்ல இடம் ஒருவனுக்கே உரியதாகிவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. 'இன்று மீன்பாடு எப்படி?' என்று கேட்டால் பாடு என்பது கிடைத்த மீனைக் குறிக்கும். 'பாடுபட்டேன்' என்றால் உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும். அகராதிக்காரர் இவற்றைத் தனித்தனியே எண்ணிட்டுப் பிரிக்கட்டும். வலை இழுப்பவனுக்கு எல்லாம் ஒன்றேதான்.

மணல் தரையிலே கிடக்கும் மீன்களுள் விசித்திரமானது நாக்குமீன் இனம். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே இருபக்கமும் கண் இருக்கும். வளரும்போது ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய்விடும். பின்பு குருட்டுப் பக்கத்தைத் தரையிலே வைத்து, மணலின் நிறத்தோடு நிறமாய்ப் படுத்து, இரைக்குக் காத்திருக்கும். மணலும் பாரும் சந்திக்கும் விளிம்பு, ஆற்றுவாய்க்கு அண்மை, மணல் மேடுகளுக்கு இடையிலான பள்ளம் ஆகியவை இத்தகைய தட்டை மீன்களைத் தேடும் இடங்கள். சிறுமீன் ஒதுங்கும் இடத்திலேதானே பதுங்குவானும் இருப்பான்! படகைக் காற்றோடு மெல்ல மிதக்கவிட்டு, இரை தரையை ஒட்டிச் செல்லும்படி தூண்டிலை இறக்குவது இதற்குரிய முறை.

இவ்வகையில் உருவத்தாற் பெரியது வடகடல்களின் 'ஹலிபட்'. இருநூறு கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. விரத நாட்களிலே உண்ணப்பட்டதால் 'புனிதமான தட்டை மீன்' என்ற பொருளில் ஆங்கிலேயர் அதற்குப் பெயரிட்டனர். நமது கடலிலே உள்ள அதன் உறவினர் இந்திய ஹலிபட் எனப்படுகிறது. இம்மீனிலே கண் இடப்பக்கமும் இருக்கலாம், வலப்பக்கமும் இருக்கலாம். தமிழ்ப் பரதவர் இதற்கு இட்ட பெயர் எருமை நாக்கு. தரங்கம்பாடியிலிருந்து மிஷனரிமார் ஜேர்மனிக்கு அனுப்பிய மீன்களை பெர்லின் அறிஞர் புளொக் ஆராய்ந்தார். அவர் இறந்தபின் 1801இல் ஷ்னைடர் பதிப்பித்த நூலிலே இந்த மீனுக்குக் கிடைத்த பெயர் 'எருமெய்'. இன்றும் 'செட்டோடிஸ் எருமெய்' என்பதே அதன் விஞ்ஞானப் பெயர். தரங்கம்பாடிக் கரையிலே யாரோ ஒரு மீனவன் சொன்ன சொல், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலக விஞ்ஞானத்திலே நிலைத்து நிற்கிறது. அவன் பெயர்தான் நமக்குத் தெரியாது.

கடலிலே அடையாளக் கல் நடமுடியாது. அப்படியானால் நேற்று மீன் கிடைத்த இடத்தை இன்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகத்துவாரத்துக்கு அப்பால் ஒருவன் கடலில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனை சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடமும், அதற்கு முன்னே கரையிலுள்ள ஒரு தென்னையும் ஒரே நேராகத் தெரியும்படி படகை நிறுத்துவான். வேறொரு திசையிலும் இப்படி இரண்டு குறிகளை நேராக்குவான். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியே அவனது பாடு. தென்னை விழுந்தால், அல்லது மாடிக் கட்டடம் எழுந்து குவிமாடத்தை மறைத்தால், அந்தப் பாடும் தொலைந்துபோகும். இன்று செய்மதிக் கருவி இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் மீன் ஏன் அங்கே கிடக்கிறது என்பதைக் கருவி சொல்லாது.

இந்த அறிவு ஏட்டிலே இல்லை. தந்தை தண்டு வலிக்க, மகன் அருகிலிருந்து பார்த்துப் பழகியது. மயிலிட்டியை நினைத்துப் பாருங்கள். வடபகுதியிலே பேர்பெற்ற மீன்பிடித் துறை அது. 1990 யூனில் மக்கள் இடம்பெயர்ந்தனர். துறைமுகம் மீளக் கையளிக்கப்பட்டது 2017 யூலையில். பதினெட்டு வயதிலே போனவர் நாற்பத்தைந்து வயதிலே திரும்பினார். இடையிலே முகாமிலும் உறவினர் வீட்டிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, எந்தப் பனைக்கு நேரே பார் இருக்கிறது என்று யார் காட்டியிருப்பார்? நிலத்தை எல்லையிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். கடலின் அடித்தரையை அப்படிக் கொடுக்க முடியாது. அது கிழவர்களின் நினைவிலும் அவர்களுடைய சொல்லிலும்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் என் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அலை உடையாத இடைவெளியைக் காட்டி, "இது என்ன?" என்றேன். சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "துறை, சேர்" என்றான், முன்பு சுகாதாரத்துறை என்று சொன்ன அதே மாணவன். ஐங்குறுநூற்றிலே நெய்தலுக்கு நூறு பாடல் பாடிய அம்மூவனாரை இனி அவனுக்குக் கற்பிப்பது எனக்கு இலகு.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ கடலோரத்திலிருந்து வந்த முதியவர் இருந்தால், அவரிடம் காற்றின் பெயரையும் கரையின் பெயரையும் கேட்டு ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள்.